ரிட்டர்ன் டிக்கெட்டோடு மலையேறுகிறவர்களுக்கு

அமெரிக்காவின் கிழக்கு மலைகளில் ஓடும் நெடும் நடைபாதையான அப்பலாச்சியன் டிரெயில் பற்றித் தேடினால் கிடைப்பதில் முக்கால்வாசி, ஒரே மூச்சில் நடந்து முடித்தவர்கள் சொன்னதுதான். ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் மார்ச் வாக்கில் கிளம்பி, 14 மாநிலங்களைக் கடந்து, 2,190 மைலுக்கு மேல் நடந்து, மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் உச்சியில் போய் நிற்பவர்கள். பொதுவாக ஐந்து முதல் ஏழு மாதம் பிடிக்கும். மாதச் சம்பளத்தில் இருந்துகொண்டு, எண்ணிக் கொடுக்கும் லீவை வைத்துக்கொண்டு அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அதனால் என்னைப் போன்றவர்கள் துண்டு துண்டாக நடக்கிறோம், இந்த வருஷம் ஒரு துண்டு, லீவு கிடைத்தால் அடுத்த வருஷம் இன்னொன்று. இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. பாதையைக் கவனித்துக்கொள்ளும் அப்பலாச்சியன் டிரெயில் கன்சர்வன்சி, ஒரே வருஷத்தில் முடித்தவருக்கும் முப்பது வருஷம் எடுத்துக்கொண்டவருக்கும் ஒரே ‘2,000 மைலர்’ அங்கீகாரத்தைத்தான் கொடுக்கிறது. எந்த வரிசையில் நடந்தாய், எந்தத் திசையில் நடந்தாய், எத்தனை காலம் ஆனது என்றெல்லாம் கேட்பதில்லை. ஆனால் முழுப்பாதைக்காரர்கள் சொல்லும் யோசனைகளை அப்படியே எடுத்து நம் பயணத்துக்குப் போட்டால் ஒட்டாது. வட கரோலினா, டென்னசி எல்லையில் இருக்கும் ஸ்மோக்கி மலைகளில் ஒரு ஏப்ரல் மாதம் பட்ட பாட்டில் எனக்கு இது நன்றாகவே உறைத்தது. தனியாகப் போகத் திட்டமிடுகிறவர்கள், முக்கியமாக விமானத்தில் போய் நடந்துவிட்டு விமானத்தில் திரும்புகிறவர்கள், இதைப் படித்தால் கொஞ்சம் பணமும் ஒரு முட்டியும் மிச்சமாகலாம்.

முதலில் கால்கள். முழுப்பாதை நடப்பவர்களுக்கு முதல் இரண்டு மூன்று வாரம் உயிர் போகும், அப்புறம் உடம்பு பழகிவிடும். அதன்பிறகு ஒரு நாளைக்கு இருபது மைல் என்பது அவர்களுக்குச் சாதாரணம். நமக்கு அந்த முதல் வாரம் மட்டும்தான் உண்டு. கால் பழக ஆரம்பிக்கும்போது லீவு முடிந்துவிடும், மறுபடி நாற்காலி, மறுபடி ஒரு வருஷம், அடுத்த துண்டில் திரும்ப முதல் நாள் வலி. இந்தப் பாதையின் மிகக் கஷ்டமான வாரத்தை அவர்கள் ஒருமுறை அனுபவிக்கிறார்கள், நாம் ஒவ்வொரு முறையும் அனுபவிக்கிறோம். வீட்டருகே வார இறுதியில் நடந்து பழகினாலும் முழு எடையைச் சுமந்துகொண்டு மணிக்கணக்கில் இறங்குவதற்கு முட்டி தயாராவதில்லை. ஏறுவதில் மூச்சுதான் வாங்கும், முட்டியை வாங்குவது இறக்கம். அதனால் முதல் இரண்டு நாளைக்கு எட்டு முதல் பத்து மைலுக்கு மேல் திட்டமே போடாதீர்கள் என்று சொல்வேன். சொல்லிவிடலாம், ஆனால் ஸ்மோக்கி மலைகளில் அதைச் செய்யவிடாத சிக்கல் ஒன்று இருக்கிறது.

அங்கே ஃபான்டானா அணையிலிருந்து டேவன்போர்ட் கேப் (கேப் என்றால் மலைக்கணவாய்) வரை சுமார் 72 மைல் பாதை தேசியப் பூங்காவுக்குள் போகிறது. முழுப்பாதைக்காரர்களுக்கென்று ஒரு தனி பெர்மிட் உண்டு. பூங்காவுக்கு வெளியே குறைந்தது 50 மைல் தள்ளிக் கிளம்பி, அதேபோல 50 மைல் தள்ளி முடிப்பவர்களுக்கு அது. எந்த ராத்திரி எந்த ஷெல்டர் (நடைக்காரர்கள் படுக்கும், முன்பக்கம் திறந்த குடில்) என்று முன்கூட்டியே சொல்லத் தேவையில்லை, எட்டு நாளுக்குள் பூங்காவைக் கடந்தால் போதும், ஷெல்டர் நிரம்பியிருந்தால் பக்கத்தில் கூடாரம் போட்டுக்கொள்ளலாம். துண்டாக நடக்கிற நமக்கு அப்படி இல்லை. எந்தத் தேதியில் எந்த ஷெல்டர் என்று ஒவ்வொரு ராத்திரிக்கும் முன்பதிவு செய்து, அங்கேதான் தூங்க வேண்டும். ஒரு ராத்திரிக்கு 8 டாலர், அது பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம் இடம்தான். பெரும்பாலான ஷெல்டர்களில் பன்னிரண்டு பேர், பதினான்கு பேருக்குத்தான் இடம், அதிலும் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஒவ்வொன்றிலும் நான்கு இடங்களை முழுப்பாதைக்காரர்களுக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். நான் பார்த்தபோது முதல் ராத்திரிக்கு வசதியான மோலிஸ் ரிட்ஜ் ஷெல்டர் நிரம்பிவிட்டது. அதற்கடுத்த ரஸல் ஃபீல்டில்தான் இடம் இருந்தது. வரைபடத்தில் பார்த்தால் இன்னும் மூன்று மைல், அவ்வளவுதானே என்றிருக்கும். அணையிலிருந்து ஏறி வந்த காலுக்கு அந்த மூன்று மைல் என்னவென்று போனால் தெரியும். அணைக்கு ஐந்து மைல் மேலே பர்ச் ஸ்பிரிங் என்று கூடாரம் போடும் இடம் ஒன்று இருக்கிறது, அதற்கும் முன்பதிவு செய்யலாம். மதியத்துக்கு மேல் கிளம்பி அங்கே படுத்துவிட்டால் பெரிய ஏற்றம் இரண்டாக உடையும். துண்டாக நடக்கிறவர்களுக்கு அதைவிட நல்ல முதல் ராத்திரி அந்தப் பக்கத்தில் இல்லை, ஆனால் முழுப்பாதைக்காரர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவதால் பெரிதாக யாரும் பேசுவதில்லை.

அடுத்து பணம். நடப்பதற்குச் செலவே இல்லை என்று நினைக்கிறோம், நடக்கிற இடத்துக்குப் போய்ச் சேருவதற்கும் முடிந்த இடத்திலிருந்து வெளியே வருவதற்கும்தான் மொத்தச் செலவும். ஆறு மாதம் நடக்கிறவர் இந்தச் செலவை இரண்டே முறை செய்கிறார், நாம் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு முறை. நாக்ஸ்வில்லுக்கு விமானம், அங்கே ஒரு ராத்திரி மோட்டல், காலையில் ஃபான்டானாவுக்கு ஷட்டில் வண்டி, முடிவில் இன்னொரு ஷட்டில். கேஸ் சிலிண்டரை விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுபோக முடியாது, இறங்கிய ஊரில்தான் வாங்க வேண்டும், அதற்குக் கடை திறந்திருக்கும் நேரத்தில் இறங்க வேண்டும். ஊன்றுகோலையும் கூடாரக் குச்சிகளையும் செக்-இன் பையில் போட்டுவிடுவதுதான் நிம்மதி. நான் பேசி வைத்திருந்த ஷட்டில்காரர் காலையில் வரவே இல்லை. போன் எடுக்கவில்லை, கொடுத்த முன்பணமும் போயிற்று. மோட்டல் வாசலில் முதுகுப்பையோடு உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை, அழுகையும் வந்தது. கடைசியில் வேறொருவரைப் பிடித்து, இரண்டு மடங்கு கொடுத்து, அணைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. முன்பதிவு செய்த ஷெல்டரோ பதினான்கு மைல் தள்ளி.

ஷட்டில் விஷயத்தில் இப்போது நான் செய்வது இது: இரண்டு பேரின் எண்ணாவது கையில் இருக்கும், முன்தினம் மாலையில் போன் செய்து ஆள் குரலைக் கேட்டு உறுதி செய்வேன், மெசேஜை நம்புவதில்லை. சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ போனால் காரை முடியும் இடத்தில் விட்டுவிட்டு, அங்கிருந்து ஷட்டிலில் தொடங்கும் இடத்துக்குப் போங்கள். அப்போது கடைசி நாளன்று யாருக்காகவும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மலையிலிருந்து ஓடி வர வேண்டியதில்லை. நாள் முழுக்க அந்த ஓட்டம் நம் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும், அது கால் வைக்கும் இடத்தைப் பார்க்கவிடாது.

அன்று அணையின் மேல் நடந்து மறுகரைக்குப் போனபோது அதை நின்று பார்க்கக்கூட மனசு வரவில்லை. 480 அடி உயரம், அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலேயே உயரமான அணை, என் கவனமெல்லாம் இருட்டுவதற்குள் போக வேண்டும் என்பதில்தான். ஷக்ஸ்டாக் கோபுரத்துக்குப் போகும் கிளைப்பாதையைக் கடந்ததோடு சரி. கடைசி இரண்டு மணி நேரம் ஹெட்லாம்ப் வெளிச்சத்தில் நடந்தேன். மரத்தில் இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல உயரத்தில் அடித்திருக்கும் வெள்ளைப் பட்டைதான் இந்தப் பாதையின் அடையாளம். பகலில் அது தானாகக் கண்ணில் படும், ராத்திரியில் ஒரு பட்டைக்கும் அடுத்ததற்கும் நடுவில் சந்தேகம் வந்துவிடும். ரஸல் ஃபீல்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். இடது முட்டியின் வெளிப்பக்கம் அப்போதே குத்த ஆரம்பித்திருந்தது.

மறுநாள் மழை. ஸ்மோக்கி மலைகளின் உச்சிப் பகுதிகளில் வருஷத்துக்கு 85 அங்குலம் வரை மழை பெய்கிறது, அதனால் மழையில் நனையாமல் கடப்போம் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது, நானும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்காதது என் மழைக்கோட்டைத்தான். கிளம்புமுன் விரித்துப் பார்த்தபோது பழுது எதுவும் தெரியவில்லை. ஸ்பென்ஸ் ஃபீல்டைத் தாண்டி தண்டர்ஹெட் பக்கம் திறந்த வெளியில் காற்றும் மழையும் சேர்ந்து அடித்தபோது தோள்பட்டையில் ஜில்லென்று இறங்கியது. தையலின் உள்பக்கம் ஒட்டியிருந்த டேப் பாம்புச் சட்டை மாதிரி கையோடு உரிந்து வந்தது. நடந்துகொண்டே இருக்கிறவரின் கோட்டு கிழிந்தால் அடுத்த ஊரில் இன்னொன்று வாங்கிக்கொள்வார். நம்முடையது வருஷம் முழுக்க அலமாரிக்குள் மடித்துக் கிடந்து சத்தமில்லாமல் கெட்டுப்போகும். கோட்டு மட்டுமில்லை, ஷூவின் பசை விட்டுப்போகும், மெத்தையின் வால்வு கசியும், தண்ணீர் ஃபில்டர் உள்ளே காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஃபில்டர் ஒருமுறை ஈரத்தோடு உறைந்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் வடிகட்டாது, அதனால் குளிர் ராத்திரிகளில் அதைத் தூங்கும் பைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே கோட்டைப் போட்டுக்கொண்டு ஷவரில் கால் மணி நேரம் நில்லுங்கள். சிரிப்பாகத்தான் இருக்கும். மெத்தையை ஊதி அதில் ஒரு ராத்திரி தூங்குங்கள், ஃபில்டரில் ஒரு லிட்டர் தண்ணீர் ஓடவிட்டு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள்.

உயரம் கூடக்கூட வெயில் நாளிலேயே ஆயிரம் அடிக்கு மூன்று முதல் ஐந்து டிகிரி ஃபாரன்ஹீட் குறையும். ஊரில் ஐம்பத்தைந்து டிகிரி என்றால் 6,000 அடியில் நனைந்த துணியோடு நிற்பவருக்கு அது உறைபனி மாதிரிதான். டெரிக் நாப் ஷெல்டரில் சாப்பிட நின்றபோது முதுகுப்பையின் இடுப்புக் கொக்கியை அழுத்திக் கழற்ற முடியவில்லை. விரல்கள் இருக்கின்றன, கண்ணால் பார்க்கிறேன், அழுத்துகிறேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் குனிந்து பல்லால் கடித்து ஒரு பக்கத்தை அமுக்கித்தான் கழற்றினேன். இந்தக் கொக்கிதான் என்னுடைய அளவுகோல் இன்றைக்கும். கொக்கி திறக்கச் சிரமமானால் அதற்குமேல் நடப்பதில்லை, உடனே காய்ந்த துணிக்கு மாறி, சூடாக எதையாவது குடித்துவிட்டுத்தான் மற்றதை யோசிப்பது. நடுக்கம் வந்த பிறகு எடுக்கும் முடிவுகள் தெளிவான மூளையோடு எடுக்கும் முடிவுகள் ஆகாது. அதற்காகவே தூங்கும்போது போடும் ஒரு செட் துணியை, என்ன ஆனாலும் பகலில் போடுவதில்லை என்று இரட்டைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்திருக்கிறேன். அன்று என்னைக் காப்பாற்றியது அதுதான்.

அன்று ராத்திரி சைலர்ஸ் பால்ட் ஷெல்டரில் எலும்பு வரைக்கும் குளிர். முன்னால் தார்ப்பாய் கட்டியிருந்தும் காற்று உள்ளே வந்தது. பக்கத்தில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், ஸ்பிரிங்கரிலிருந்து நடந்து வருகிறார். கரடிக்கு எட்டாமல் சாப்பாட்டைக் கம்பியில் ஏற்றித் தொங்கவிட எனக்கு உதவியதும் அவர்தான், என் கையால் கயிற்றைப் பிடித்து இழுக்க முடியவில்லை. “நாளை மறுநாள் நியூஃபவுண்ட் கேப்பில் ஊருக்கு இறங்கிவிடப் போகிறேன், வானம் தெளிகிற வரை பீட்சாதான்,” என்றார். கட்டாடின் இருக்கும் பூங்காவில் அக்டோபரில் ராத்திரி தங்கவிடுவதை நிறுத்துவதற்குள் போய்ச் சேர வேண்டும், அவருக்கு அது ஒன்றுதான் கவலை. அவருடைய கெடு அக்டோபர். என்னுடைய கெடு ஞாயிற்றுக்கிழமை காலை விமானம். ஒரே ஷெல்டர், ஒரே மழை, ஒரே பாதை, ஆனால் அவர் நடப்பதும் நான் நடப்பதும் வேறு வேறு. எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவர்களுக்குள் பட்டப்பெயர்கள், பழைய ஷெல்டர் கதைகள், ஒருவரையொருவர் தேடிக்கொள்ளும் கும்பல். துண்டாக வருகிறவர் பாதிக் கல்யாணத்தில் நுழைந்த விருந்தாளி. நல்லவர்கள்தான், ஆனால் பெயர் மனசில் பதிவதற்குள் போய்விடுவார்கள்.

குவோஹி உச்சி, அதாவது முன்பு கிளிங்மன்ஸ் டோம் என்று சொல்லிக்கொண்டிருந்தது, 2024 செப்டம்பரில் செரோக்கி மக்களின் பழைய பெயரையே திரும்ப வைத்தார்கள். 6,643 அடி, இந்த மொத்தப் பாதையிலும் இதுதான் உயரமான இடம். மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. முட்டி அதற்குள் ஒவ்வொரு இறக்கத்திலும் ஊசி குத்துகிற வலிக்கு வந்துவிட்டது, படி இருந்தால் பக்கவாட்டில் இறங்கினேன். மவுன்ட் காலின்ஸ் ஷெல்டரில் படுத்துக்கொண்டு ராத்திரி முழுக்க ஒரே கணக்கு. நாளை நியூஃபவுண்ட் கேப். அங்கே 441ஆம் நெடுஞ்சாலை குறுக்கே போகிறது, இறங்கிவிடலாம். இறங்கினால் மீதி 31 மைல் நடக்காமல் நிற்கும். அந்த 31 மைலுக்காக இன்னொரு விமானம், இன்னொரு ஷட்டில், இன்னொரு லீவு. நடந்துவிட்டால் இந்தத் துண்டு முடிந்தது. முழுப்பாதைக்காரருக்கு வராத ஆசை இது. அவர் ஒரு வாரம் படுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து எழுந்து நடப்பார். நமக்கு வரைபடத்தில் ஒரு ஓட்டை விழும், அந்த ஓட்டையை அடைக்க ஆயிரம் டாலர் ஆகும், அந்தப் பயத்தில் நடக்கக் கூடாத காலோடு நடப்போம். துண்டாக நடக்கிறவர்களில் காயத்தோடு போராடியவர்களிடம் பேசினால் பாதிப்பேர் இதைத்தான் சொல்கிறார்கள்.

விடிந்ததும் மழை நின்று பனித்தூள் விழுந்திருந்தது. சாட்டிலைட் மெசஞ்சரில் தம்பியிடமிருந்து செய்தி: “அக்கா, கேப்புக்கு வர்ற ரோட்ட மூடிட்டாங்க, ஐஸ். பூங்கா வெப்சைட்ல போட்டிருக்கு. அவசரப்படாத, மெதுவா வா. டிக்கெட்ட நான் பாத்துக்கறேன்.” ஏப்ரலிலும் அந்தச் சாலை மூடும் என்று எனக்குத் தெரியாது. இறங்குவதற்கு ஒரு சாலை இருக்கிறது என்றால் அங்கே எப்போதும் வண்டி ஓடும் என்றுதானே நினைப்போம். நியூஃபவுண்ட் கேப் 5,046 அடியில் இருக்கிறது, மழை கீழே பெய்யும்போது அங்கே ஐஸாகிவிடும். போய்ப் பார்த்தால் அவ்வளவு பெரிய வாகன நிறுத்தத்தில் ஒரு வண்டி இல்லை. எங்களைப் போல ஏழெட்டு நடைக்காரர்கள் கழிப்பறைக் கட்டடத்தின் சுவரோரம் காற்றுக்கு மறைந்து நின்றுகொண்டிருந்தார்கள். அங்கே மணிக்கணக்கில் நின்றோம். காலைத் தரையில் உதைத்துக்கொண்டே இருந்தேன், பெரியவர் தன் அடுப்பில் சுடுதண்ணீர் போட்டு ஒரு கப்பை எல்லோருக்கும் சுற்றிவிட்டார். சாலையைத் திறந்த பிறகு முதலில் வந்த வண்டிகளில் ஒன்றில் ஒரு தம்பதியோடு சேர்ந்து அடிவாரத்து ஊரான கேட்லின்பர்க்குக்கு இறங்கினேன். தனியாக இருந்தால் அந்த வண்டியில் ஏறியிருக்க மாட்டேன், இன்னும் நின்றிருப்பேன். பெண்கள் தனியாகப் போகும்போது லிஃப்ட் கேட்பதை ஒரு ஏற்பாடாக எண்ணித் திட்டம் போடாதீர்கள், ஊரில் இருக்கும் ஷட்டில் எண்ணை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி ஊரிலிருந்து சாலை நிலவரத்தைப் பார்த்துச் சொன்னது தற்செயல்தான். இப்போது அதை ஏற்பாடாகவே வைத்திருக்கிறேன். கிளம்புமுன் ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுவேன்: பாதை குறுக்கிடும் ஒவ்வொரு சாலையின் பெயர், அது பனியில் மூடக்கூடியதா, அங்கிருந்து பக்கத்து ஊர் எத்தனை மைல், எந்த ராத்திரி எந்த ஷெல்டர், எத்தனை மணி நேரம் செய்தி வரவில்லை என்றால் யாருக்குப் போன் செய்ய வேண்டும். மலைமுகட்டில் பெரும்பாலான இடங்களில் சிக்னல் கிடையாது, போனை நம்பிப் பயனில்லை.

பண நஷ்டத்தைச் சொல்லிவிடுகிறேன். வராத ஷட்டிலுக்குக் கொடுத்த முன்பணம், வந்த ஷட்டிலுக்குக் கூடுதல், கேட்லின்பர்க்கில் வார இறுதி விலையில் அறை, மாற்ற முடியாத விமான டிக்கெட் போய் புது டிக்கெட், முடிவில் ஏறாத ஷட்டிலை ரத்து செய்த கட்டணம், எல்லாம் சேர்த்து 800 டாலருக்குக் கிட்ட. முட்டிக்கு இரண்டு மாதம் பிசியோதெரபி, அது தனிக் கணக்கு. ஐடி பேண்ட் அழற்சி என்றார்கள், தொடையின் வெளிப்பக்கம் ஓடும் பட்டை முட்டியில் உரசுவதால் வருவது, நடப்பவர்களுக்கு இறக்கத்தில் அடிக்கடி வரும். இடுப்புத் தசை பலவீனமாக இருந்தால் சீக்கிரம் வருமாம். ஒற்றைக்காலில் மெதுவாகப் படி இறங்கும் பயிற்சி கொடுத்தார்கள். அதை அடுத்த துண்டுக்கு மூன்று மாதம் முன்பே ஆரம்பித்தேன். மலையில்லாத ஊரில் இருப்பவர்களுக்கு அடுக்குமாடியின் படிக்கட்டு போதும், ஏறுவதற்கு லிஃப்ட், இறங்குவதற்குப் படி.

மீதி 31 மைலை இலையுதிர் காலத்தில் போய் நடந்தேன். அது எவ்வளவு சுலபமாக இருந்தது என்றால் எனக்கே எரிச்சல் வந்தது. நியூஃபவுண்ட் கேப்பில் தொடங்கினால் முதல் நாளே உயரத்தில் இருக்கிறோம், ஐஸ்வாட்டர் ஸ்பிரிங் ஷெல்டர் மூன்றே மைல். மதியத்துக்கு மேல் தொடங்கி, மெதுவாக நடந்து, நாலு மணிக்குப் படுத்துக்கொண்டு காலை நீட்டலாம். சார்லிஸ் பனியன் என்ற பாறை முகட்டில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு துண்டை எந்தப் பக்கமிருந்து ஆரம்பிப்பது என்பது நம் கையில் இருக்கும் ஒரே சலுகை, வடக்கு நோக்கித்தான் போக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. முதல் நாள் பெரிய ஏற்றம் இல்லாத பக்கமாகப் பார்த்துத் தொடங்குங்கள். திரும்பும் டிக்கெட்டை ஒருவழி டிக்கெட்டாகத் தனியே வாங்கினேன், மாற்றக் கட்டணம் இல்லாத வகை. விலை கொஞ்சம் கூட. கடைசியில் ஒரு நாளை ஒன்றும் செய்யாமல் காலியாக விட்டேன். அந்தக் காலி நாளைத் தொடக்கத்தில் வைத்தால் பிரயோஜனமில்லை, தாமதம் எல்லாம் பாதையின் நடுவில்தான் நடக்கும். திட்டமும் இரண்டு போட்டேன், நீளமானது ஒன்று, நடுவில் ஏதாவது சாலையில் முடிகிற சின்னது ஒன்று. சின்னதை எடுத்தாலும் அதுவும் முடித்த துண்டுதான் என்று கிளம்புமுன்பே நோட்டில் எழுதிவிட்டால் ராத்திரி படுத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டியதில்லை.

நோட்டு என்றதும் நினைவுக்கு வருகிறது, நின்ற இடத்தைக் குறித்துவையுங்கள். சாலையின் எந்தப் பக்கம் நின்றோம், கடைசி வெள்ளைப் பட்டை எந்த மரத்தில் இருந்தது என்று ஒரு போட்டோ, தேதி. இரண்டு வருஷம் கழித்து வந்தால் ஒன்றும் ஞாபகம் இருக்காது. ‘2,000 மைலர்’ அங்கீகாரம் முழுக்க நம் வாக்கை நம்பிக் கொடுப்பது, அவர்கள் ஆதாரம் கேட்க மாட்டார்கள், ஆனால் நமக்கே சந்தேகம் வந்துவிட்டால் அந்த நூறு அடிக்காகத் திரும்பிப் போகத் தோன்றும். எனக்குத் தெரிந்த ஒருவர் போயிருக்கிறார்.

அடுத்த துண்டு டேவன்போர்ட் கேப்பிலிருந்து ஹாட் ஸ்பிரிங்ஸ் பக்கம். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வட கரோலினா, டென்னசி, வர்ஜினியா பகுதிகளில் பாதையை நிறையச் சிதைத்துவிட்டது, ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊருக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. பழைய வழிகாட்டிகளில் இருக்கும் பாலமும் கடையும் விடுதியும் இப்போதும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாமல், கன்சர்வன்சி வெளியிடும் பாதை நிலவரத்தைக் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பாருங்கள். டேவன்போர்ட் கேப்பில் காரை ராத்திரி விட்டுவைக்காதீர்கள், கண்ணாடியை உடைத்துத் திருடும் இடம் என்று பெயர் வாங்கியது. கீழே பிக் க்ரீக் ரேஞ்சர் நிலையம் திறந்திருந்தால் அங்கே விட்டுவிட்டு, அங்கிருந்து ஏறிக்கொள்ளலாம். ஷட்டில்காரரிடமும் பிக் க்ரீக் என்றே சொல்லுங்கள், அவர்களுக்கும் அதுதான் வசதி.